ஏற்காட்டுப் பச்சைக்குள் கொஞ்சம் சிவப்பு: நான்கு காப்பிப் பருவங்களுக்குப் பிறகு சி.பி.எல். ஃபில்டரும் எதிர்நிறக் கணக்கும்

ஏற்காட்டில் படம் எடுப்பவருக்கு முதல் தொல்லை பச்சைதான். காப்பிச் செடி, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி என்று கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஃபிரேமில் முக்கால் பங்கு அதுவே. எதிர்நிறமான (நிறச்சக்கரத்தில் பச்சைக்கு நேரெதிரே நிற்கும்) சிவப்பைத் தேடினால் கார்த்திகையிலிருந்து தை வரை காப்பிப் பழம் கைகொடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தணல் போலத் தெரிந்த பழம் படத்தில் மங்கிக் கிடக்கும். உடனே எடிட்டிங்கில் சாச்சுரேஷனை (நிறச்செறிவை) ஏற்றத் தோன்றும். நான்கு பருவம் புழங்கிய பிறகு சொல்ல முடிவது, அது தவறான வழி. சிவப்பை ஏற்றாதீர்கள், பச்சையை அடக்குங்கள்.

அடக்கும் வேலையில் பாதியைச் சி.பி.எல். ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டித் திருப்பும், தெறிக்கும் ஒளியை வடிகட்டும் போலரைசர் கண்ணாடி) லென்ஸிலேயே முடித்துவிடுகிறது. காப்பி இலையின் மேல்தோல் மெழுகு பூசியது போல் வழவழப்பாக இருப்பதால் வானத்தின் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளையாகத் தெறிக்கும். அந்த வெள்ளை கலந்துதான் பச்சை வெளிறுகிறது. ஃபில்டரைத் திருப்பினால் தெறிப்பு அடங்கி இலை கருக்கும், பழம் தானாக முன்னுக்கு வரும். இலையைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் இதன் பலன் அதிகம். நேரெதிரே நின்று பார்த்தால் ஃபில்டர் இருப்பதே தெரியாது. முழுப் பலன் வரை திருப்புவதும் சரியல்ல. பழத்தின் மேலுள்ள ஒளிப்புள்ளியும் சேர்ந்து அணைந்து, பழம் பிளாஸ்டிக் மணி போல் ஆகிவிடும். முழுப் பலன் வந்த இடத்திலிருந்து 20 டிகிரி அளவு பின்னால் விட்டால் புள்ளி மிஞ்சும்.

குறை என்றால் வெளிச்சம். ஒன்றரை முதல் 2 ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). 1/160 நொடி கிடைத்த இடத்தில் 1/40 தான் வரும். மலைக்காற்றில் ஆடும் கிளைக்கு அது போதாது. ஐ.எஸ்.ஓ. 400ஐ 1600 ஆக்க வேண்டியிருக்கும். பனிமூட்டத்தில் ஃபில்டரைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள், அது தின்னும் வெளிச்சத்துக்கு ஈடான பலன் அங்கே கிடைப்பது அரிது.

அடுத்த குழப்பம் நிறச்சக்கரம். ஓவியரின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு. ஒளியின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிர் சயான் (நீலப்பச்சை), பச்சைக்கு மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), நீலத்துக்கு மஞ்சள். கேமராவும் எடிட்டிங் மென்பொருளும் இரண்டாவது சக்கரத்தில்தான் ஓடுகின்றன. ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்தின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் அமைப்பில்) ஒரு ஸ்லைடர் நீலம்–மஞ்சள், மற்றது பச்சை–மெஜந்தா என்று இருப்பது அதனால்தான். எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் பச்சையின் ஹ்யூவைச் (நிறச்சாயலை) சயான் பக்கம் 10 முதல் 15 நகர்த்தினாலே பழம் எடுப்பாகிறது. பச்சையின் சாச்சுரேஷன் −15, லூமினன்ஸ் (ஒளிர்வு) −10. மஞ்சளை மறந்துவிட வேண்டாம். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலையில் பெரும்பங்கு மென்பொருளுக்கு மஞ்சள்தான். அதையும் −20 இறக்காவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

நிழல் மரத்தடியில் ஒளியே இலை வழியாக வடிந்து பச்சையாக இறங்கும். பறிப்பவர்களின் முகம் சோகை பிடித்தது போல் தெரியும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிசெய்யப் போய் மெஜந்தாவை அள்ளிக் கொட்டும், அதுவும் ஷாட்டுக்கு ஷாட் வேறு அளவில். அதே நிழலில் 18 சதவீதச் சாம்பல் அட்டையை ஒருமுறை பிடித்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

சிவப்புக்கென்று ஒரு தனிக் கண்டம் உண்டு. படத்தின் ஒளி அளவைக் காட்டும் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் வரைபடம் 'எல்லாம் சரி' என்று காட்டும்போதே சிவப்புச் சேனல் வலச்சுவரில் முட்டியிருக்கும். விளைவு, உருட்சி இல்லாத தட்டைப் பழம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்து, வெயிலில் எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறைத்து எடுங்கள். சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக இருந்தால் பெரும்பாலும் மீட்கலாம், ஜேபெக் என்றால் போனது போனதுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. பழமும் இலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அங்கே நிற வேறுபாடு மட்டுமே இருக்கிறது, ஒளி வேறுபாடு இல்லை. சிவப்பு–பச்சை பிரித்தறியாத கண்ணுக்கு அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை. பழத்தின் மேல் மட்டும் வெயில் விழும் கிளையைத் தேடுங்கள்.

எந்த நிறம் எவ்வளவு? ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் கற்பித்த ஜொஹானஸ் இட்டன், சிவப்பும் பச்சையும் சம அளவு, ஆரஞ்சு ஒரு பங்குக்கு நீலம் இரண்டு, மஞ்சள் ஒரு பங்குக்கு ஊதா மூன்று என்று அளவு சொன்னார். முழுச்செறிவு நிறங்களுக்கு அது சரி. புகைப்படத்தில் பாதிக்குப் பாதி வைத்தால் இரண்டும் மல்லுக்கு நிற்கும், கண் எங்கே உட்காருவது என்று தெரியாது. நம்ம ஊர்ப் பட்டுப்புடவைக் கணக்கு இதைவிட உதவுகிறது. பாட்டில் பச்சை உடலுக்கு அரக்குக் கரை, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூக் கரை. 48 அங்குல அகலத்தில் இருபுறமும் நாலு நாலு அங்குலம் கரை என்றால் ஆறில் ஒரு பங்கு. படத்திலும் எதிர்நிறத்தை அந்த அளவிலோ அதற்குக் கீழோ நிறுத்தினால் அமைதி கெடுவதில்லை. பாவு சிவப்பும் ஊடை பச்சையுமாகக் கலந்து நெய்தால் தூரத்தில் மங்கல் பழுப்பாகத் தெரியும். எதிர்நிறங்கள் பொடிப்பொடியாகக் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்பதற்கு அது சாட்சி. நூறு பழத்தைத் தூரத்திலிருந்து எடுப்பதைவிட ஒரு கொத்தை நெருங்கி எடுப்பது மேல்.

நீலம்–ஆரஞ்சு ஜோடிக்கு, சேலத்தைப் பார்த்தபடி இருக்கும் ஏற்காட்டுக் காட்சிமுனையான லேடீஸ் சீட். சூரியன் மறைந்த 15ஆவது நிமிடம் முதல் 25 வரைதான் வானமும் சேலத்து விளக்குகளும் ஒத்துப்போகும். நம் அட்சரேகையில் அந்தி சீக்கிரம் கருத்துவிடும். ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 4 முதல் 10 நொடி, ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின். சி.பி.எல். வேண்டாம். சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. பெருகிய பிறகு ஆரஞ்சு பாதியாகிவிட்டது; மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளின் வெளிச்சத்தைச் சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். கீழே பூ மார்க்கெட்டில் நீலத் தார்ப்பாயும் செண்டுமல்லியும் கண்ணுக்குத் தயாரான ஜோடி போலத் தெரியும். ஏமாற வேண்டாம், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் பூவின் மேல் நீலம் வழிந்து ஆரஞ்சு அழுக்காகிவிடும். தார்ப்பாய் பின்னணியிலும் பூ திறந்த வெளிச்சத்திலும் இருக்கும்படி நில்லுங்கள்.

ஃபில்டரின் ஆயுளைப் பொறுத்தவரை, மலை ஈரம்தான் எமன். அலுமினிய வளையம் லென்ஸோடு இறுகிக்கொள்ளும். சுற்றிலும் அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, அழுத்தாமல் திருப்பினால் கழலும். பித்தளை வளையம் இந்த வம்பு செய்வது குறைவு. கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள போலரைசர் படலம் சூட்டிலும் ஈரத்திலும் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்: சாம்பலாகத் தெரிந்தால் நல்லது, மஞ்சளோ பச்சையோ அடித்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.