திருப்பூரில் புகார்க்குழுப் பயிற்சி வகுப்பு: முற்பகல் நன்று, பிற்பகல் ஏமாற்றம்

பின்னலாடை நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க்குழு உறுப்பினர்களுக்காகத் திருப்பூரில் ஒரு பயிற்சி அமைப்பு நடத்தும் ஒருநாள் வகுப்புக்கு, எங்கள் குழுவின் சார்பில் சென்றிருந்தேன். பாலினம், இனம், வர்க்கம் ஆகிய ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை விளக்குவதே நோக்கம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள்.

முற்பகல் அமர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கைப் பயிற்றுநர் நிதானமாக எடுத்துரைத்தார். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்தே வந்திருக்கிறது; ஆனால் 1964க்கு முன் எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள். ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். பாலினப் பாகுபாட்டையும் இனப் பாகுபாட்டையும் இணைத்து ஒரே புகாராக ஏற்க முடியாது என்று 1976இல் நீதிமன்றம் கூறிவிட்டது. இந்த இடைவெளியைத்தான் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் தம் கட்டுரையில் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களை ஆதிக்க நிலையிலிருந்து பாலியல் ரீதியாகச் சுரண்டுவதைத் தனிக் குற்றமாகவே வைத்தது என்பதையும் பயிற்றுநர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பிற்பகலில் உள்ளூர் நிலவரத்துக்கு வந்ததும் வகுப்பு தளர்ந்துவிட்டது. ஏழைக் குடும்பங்களின், பெரும்பாலும் தலித் குடும்பங்களின், மணமாகாத பெண்களை ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, கல்யாணச் செலவுக்கென்று ஒப்பந்தக் காலத்தின் முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கொங்கு நாட்டில் கிடைக்காது. அதை வறுமை என்ற ஒற்றைத் தலைப்பில் இரண்டே வரிகளில் முடித்துவிட்டார்.

எங்களுக்குத் தந்த மாதிரிப் புகார்ப் படிவத்தில் பெயர், பிரிவு, டோக்கன் எண், சம்பவம் நடந்த நாள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. சூப்பர்வைசர் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதோடு சாதிப் பெயரையும் சொல்லி ஏசினால் அதை எங்கே எழுதுவது என்று கேட்டேன். “அதற்குச் சட்டம் வேறுங்க, இதில் கலக்க வேண்டாம்” என்றார். முற்பகலில் அவரே குறைகூறிய தீர்ப்பின் வாசகம் ஏறக்குறைய இதுதான்.

வகுப்பு வைத்த நாளோ சம்பளநாளான சனிக்கிழமை. பீஸ் ரேட்டில் தைப்பவர்களும், செக்கிங், பிசிறு வெட்டும் பெண்களும் அன்று கூலியை விட்டு வர முடியாது. அரங்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் மனிதவள அலுவலர்கள்.

முற்பகல் அமர்வுக்காக மட்டும் ஆள் அனுப்பலாம். பிற்பகல் அமர்வைத் தொழிற்சாலைக்குள்ளேயே, வேலைநேரத்தில், கூலி பிடிக்காமல் நடத்துவதோடு, அந்தப் படிவத்தையும் திருத்தித் தர வேண்டும் என்று கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.