பழனி பாதயாத்திரை: குழந்தைகளோடு போனால் ராத்திரி எங்கே தங்குவது?

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பழனிக்கு நடக்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அதுங்க நடக்குமா?" நடக்கும். வழியெல்லாம் சுக்குக் காப்பியும் மோரும் கொடுக்க ஆள் இருக்க, முன்னாலும் பின்னாலும் பச்சை வேட்டிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போக, நாம் உட்காரலாம் என்றாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள். சிக்கல் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ராத்திரி எங்கே படுக்கவைப்பது?

நாங்கள் நடந்தது திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. தங்குவதற்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒரு குழுவோடு சேர்ந்து மண்டபங்களில் தங்குவது. ஊருக்கு ஊர் லாட்ஜ் மாறிக்கொண்டே முன்னேறுவது. திண்டுக்கல்லில் ஒரே அறையை வைத்துக்கொண்டு, நடந்த இடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் திரும்பி வருவது. நாங்கள் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதன் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் குழு. மாலை போட்டு, குருசாமி தலைமையில் போவதுதான் காலங்காலமாக இருக்கும் முறை. அதன் சுகம் தனி. சாமான்களை வண்டி தூக்கிக்கொண்டு வந்துவிடும், சாப்பாட்டுக் கவலை இல்லை, பாட்டும் பஜனையுமாகப் பாதி தூரம் தெரியாமலே கழியும். தங்குவது கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், மில் வளாகம், பந்தல் என்று குழு ஏற்பாடு செய்திருக்கும் இடம். செலவும் மிகக் குறைவு.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குருசாமியிடம் கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்: "தாராளமா வாங்கம்மா. ஆனா நாங்க ரெண்டு மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம். வெயில் ஏறதுக்குள்ள பாதி தூரம் போயிடணும். பிள்ளைங்களை எழுப்பிடுவீங்களா?" பெரியவர்கள் ஒரு நாளில் 30 கிலோமீட்டரை அசராமல் நடக்கிறார்கள். அதற்கு விடியுமுன் கிளம்புவது சரியான கணக்கு. எட்டு வயதுப் பையனுக்கு அது ஒத்துவராது.

மண்டபத்தில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும். டியூப் லைட்டை யாரும் அணைப்பதில்லை, ஏனென்றால் ஒரு குழு படுக்கும்போது இன்னொரு குழு வந்து இறங்கும். எழுப்புவதற்கு மைக் செட்டே போதும். தலைமாட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு போன்கள். பாத்ரூமுக்கு நடுச்சாமத்திலும் வரிசை நிற்கும். அந்த வரிசையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நிற்பது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கஷ்டம். தை மாதப் பனி வேறு. திறந்த பந்தல் என்றால் ஜமுக்காளத்துக்கு அடியிலிருந்தே குளிர் ஏறும்.

இதனால் மண்டபம் மோசம் என்று சொல்ல வரவில்லை. 14, 15 வயதுப் பிள்ளைகள் என்றால் நானே குழுவோடு அனுப்பியிருப்பேன். அந்தக் கூட்டத்தோடு தரையில் படுத்து எழுவதும் யாத்திரையில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது வழி, ஊருக்கு ஊர் லாட்ஜ். கேட்க நன்றாக இருக்கும், இந்தப் பாதையில் செல்லுபடியாகாது. ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று ஊர்கள் வரிசையாக வந்தாலும், குடும்பத்தோடு அறை எடுக்கலாம் என்று நம்பிப் போகக்கூடியது திண்டுக்கல்லை விட்டால் ஒட்டன்சத்திரம், அதை விட்டால் பழனி. ஒவ்வொன்றுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். அறைக்காகச் சின்னப் பிள்ளையை ஒரே நாளில் 30 கிலோமீட்டர் நடத்த முடியுமா? இந்த ஒரு கேள்வியிலேயே அந்த யோசனையைக் கைவிட்டோம்.

அப்புறம்தான் ஒரே அறை என்ற முடிவுக்கு வந்தோம். என் கணிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம் இதில்தான் இருக்கிறது: இன்று எங்கே நிற்பது என்பதைப் பிள்ளையின் கால் சொல்ல வேண்டும். மண்டபம் என்றால் அந்த மண்டபம் வரை போயே ஆக வேண்டும், அறை போட்டிருந்தால் அந்த ஊர் வரை போயே ஆக வேண்டும். இரண்டிலும் தூரம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கோ ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. ஒரு நாள் 14 கிலோமீட்டர் போய்விட்டு, "இன்னும் போலாம்மா" என்பார்கள். மறுநாள் குதிகாலில் ஒரு கொப்புளம் வந்துவிட்டால் ஏழு கிலோமீட்டரிலேயே முகம் சுருங்கிவிடும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் எட்டு கிலோமீட்டர்தான் கண்ணு" என்று சொல்வது எனக்கு முடியாத காரியம். அறை பின்னால் இருக்கிறது என்றால் அப்படிச் சொல்லவே தேவையில்லை. அடுத்த ஊர் நிறுத்தத்தில் பஸ் ஏறினால் போதும். திண்டுக்கல்–பழனி சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கடைசி எல்லையான பழனியிலிருந்தே திண்டுக்கல்லுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான், நடுவழியிலிருந்து என்றால் இன்னும் குறைவு.

மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும், ஓர் அடிகூடக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் பின்பக்கம் மகள் சாக்பீஸால் ஒரு சின்ன வேல் வரைவாள். மகன் பக்கத்து மின்கம்பத்தின் எண்ணைச் சத்தமாகப் படிப்பான், அவன் அப்பா போனில் படம் எடுத்துக்கொள்வார். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருவரும் அந்தக் கல்லைத் தேடி ஓடுவார்கள். வேலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் முதல் அடி. ஒரு நாள் பனியில் வேல் பாதி கரைந்திருந்தது. மகள் அதன் மேலேயே மறுபடி வரைந்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வண்டி ஏறினால் யாத்திரை ஆகுமா என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வேண்டுதல், திண்டுக்கல்லிலிருந்து மலையடிவாரம் வரை ஒவ்வோர் அடியும் கால் நடையாக வருவோம் என்பது. ராத்திரி தூங்கத் திரும்புவதால் அதில் எதுவும் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. மாலை போட்டுவிட்ட குருசாமியிடமும் கேட்டு, அவர் சரி என்ற பிறகே கிளம்பினோம். தரிசனம் முடியும் வரை வண்டியே ஏறுவதில்லை என்று நேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வழி பொருந்தாது, மண்டபம்தான். நேர்த்தியை வசதிக்காக வளைக்க வேண்டாம்.

அறை எடுக்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். சாயங்காலம் வெந்நீர் வருமா என்று வாயைத் திறந்து கேளுங்கள். பல லாட்ஜ்களில் காலையில் மட்டும்தான் விடுவார்கள், நமக்கோ நடந்து வந்த கால்களை உப்புப் போட்ட வெந்நீரில் வைக்கத்தான் தேவை. 24 மணி நேரக் கணக்கா, குறிப்பிட்ட நேரத்தில் காலி செய்ய வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மாடியைத் தாண்டி அறை வேண்டாம். நாளெல்லாம் நடந்த பிள்ளைக்கு மூன்று மாடி ஏறுவது பெரிய தண்டனை. எல்லா நாளுக்கும் ஒரே அறை என்பதால் ஈரத் துணி காயப் போடலாம், பையை அவிழ்த்துக் கட்டும் வேலை இல்லை. தோளில் தண்ணீரும் துண்டும் மட்டும் இருந்தால் போதும். பிள்ளைகளும் தெரிந்த கட்டிலில் படுப்பதால் சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பழனி திண்டுக்கல்லுக்கு மேற்கே. காலையில் நடந்தால் வெயில் முதுகில் விழும், பிற்பகலில் நேரே முகத்தில் அடிக்கும். பிள்ளைகளோடு விடிந்ததும் கிளம்பி, 11 மணிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மண்டபத்தில் தங்குகிறவர்கள் பகலெல்லாம் ஒதுங்க நிழல் தேட வேண்டும். நமக்கு அறையும் மின்விசிறியும் இருக்கின்றன. விடிந்த பிறகே நடப்பதால் இருட்டில் லாரிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பயமும் இல்லை. பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாலையோரம் போட்டிருக்கும் நடைபாதையை விட்டு மட்டும் இறங்க வேண்டாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். செலவு மண்டபத்தைவிடப் பல மடங்கு. குழுவின் இரவுப் பாட்டு, எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும் சாப்பாடு, இவற்றைப் பிள்ளைகள் இழக்கிறார்கள். பகலில் அன்னதானப் பந்தல்களில் உட்கார்ந்ததில் கொஞ்சம் ஈடாயிற்று, முழுக்க அல்ல. அதைவிட முக்கியமானது, இந்த வழி தைப்பூசத்துக்கு முந்தைய கடைசி மூன்று நாட்களுக்கு ஒத்துவராது. சாலை முழுக்கக் கூட்டம் இறங்கிவிடும், பஸ்ஸில் ஏற இடம் இருக்காது, போக்குவரத்தையும் மாற்றிவிடுவார்கள். நாங்கள் பொங்கல் முடிந்த கையோடு நடந்ததால் இது சரிப்பட்டது. பூசத்தன்று மலையேற வேண்டும் என்பது நேர்த்தியாக இருந்தால் இந்த வழியை நான் சொல்லத் துணிய மாட்டேன். கைக்குழந்தையோடு நடந்ததில்லை, அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகச் செட்டிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே முறை ஓடுமா என்பதை அந்தப் பாதையில் பிள்ளைகளோடு நடந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசி நாளுக்கு மட்டும் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஆயக்குடியைத் தாண்டி மலை கண்ணில் பட்டுவிட்டால் பிள்ளைகளை நிறுத்த முடியாது, அன்றைக்குத் திண்டுக்கல் திரும்பும் யோசனையே வேண்டாம். காலையிலேயே திண்டுக்கல் அறையைக் காலி செய்து, பையைப் பெரியவர் ஒருவர் பஸ்ஸில் எடுத்துப்போய்ப் பழனியில் அறை போட்டுவிடட்டும். தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையத்தில் அறை கேட்டு முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. 2023 அக்டோபர் முதல் மலைமேல் செல்போன் கொண்டுபோகத் தடை இருப்பதால் போன்களை அறையிலேயே பூட்டிவிட்டு ஏறலாம். நடந்த களைப்போடு படியேற வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மறுநாள் விடிகாலையில் ஏறினால் பிள்ளைகளே படியை எண்ணிக்கொண்டு ஓடுவார்கள். கால் வலி இருந்தால், மலைமேல் இழுத்துக்கொண்டு போகும் விஞ்ச் வண்டி இருக்கிறது. இறங்கியதும் ஊர் திரும்பத் திண்டுக்கல்லுக்கு ரயிலும் உண்டு, நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.