படைப்பு மென்பொருள்களின் கையேடுகள் யாருக்காக? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் ஓவியங்களுக்கு இங்க்ஸ்கேப், படத் திருத்தத்துக்கு கிம்ப் என மூன்று திறமூல மென்பொருள்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று சொல்லும் மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. கற்றுக்கொள்ள வரும் ஒருவருக்கு அவற்றின் கையேடுகள் எந்த அளவுக்குத் துணை நிற்கின்றன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பிளெண்டரின் கையேடு அலட்சியமாக எழுதப்பட்டதன்று. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே கிடைக்கிறது. இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் படிக்க முழுவதையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். மென்பொருளுக்குள் பெரும்பாலான பொத்தான்களின் மேல் சுட்டியை வைத்து எஃப்1 விசையை அழுத்தினால் அதற்குரிய பக்கமே உலாவியில் திறக்கும். இன்றும் அடிக்கடி அதைப் புரட்டுகிறேன். ஆனால் அது எனக்குப் பயன்படத் தொடங்கியது மென்பொருள் ஓரளவு கைவந்த பிறகுதான். அதன் பகுதிகள் பெரும்பாலும் மென்பொருளின் கருவிகளும் மெனுக்களும் அமைந்திருக்கும் முறையை ஒட்டியே பிரிக்கப்பட்டிருக்கின்றன; தேடுவதன் பெயர் தெரிந்தவருக்கு உடனே விடை கிடைக்கும். புதிதாக வருபவருக்கு அந்தப் பெயர் தெரியாது. திரையில் ஏதோ சரியாக இல்லை என்பது மட்டுமே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே பார்க்கலாம். மேசைப் பலகை ஒன்றை உருவாக்க நினைப்பவர், தொடக்கத்தில் திரையில் இருக்கும் கனசதுரத்தை பொருளை முழுதாகக் கையாளும் நிலையான ஆப்ஜெக்ட் மோடில் நீளவாக்கில் பெரிதாக்குகிறார், உயரத்தைக் குறைக்கிறார். பிறகு கூர்மையான விளிம்புகளை மழுக்குவதற்காக பெவல் மாடிஃபையரை, அதாவது மூல உருவத்தை மாற்றாமல் அதன் மேல் விளைவைக் கணக்கிட்டுக் காட்டும் அமைப்பைச் சேர்க்கிறார். மழுங்கல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வராமல், நீளவாக்கில் அகன்றும் உயரவாக்கில் ஒடுங்கியும் வருகிறது. அவர் எஃப்1 அழுத்தி பெவல் பக்கத்துக்குப் போய், அகலம், பிரிவுகள், கோண வரம்பு என்று ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்ப்பார். எதை மாற்றினாலும் கோணல் போகாது, ஏனெனில் அதற்கான காரணம் அந்த அமைப்புகளில் இல்லை. ஆப்ஜெக்ட் மோடில் செய்த நீட்டல், உருவத்தின் புள்ளிகளில் பதியாமல், அந்தப் பொருளின் மேல் ஒரு பெருக்கல் எண்ணாகவே நிற்கிறது. பெவல் நீட்டப்படாத பழைய கனசதுரத்தின் மேல் கணக்கிடப்பட்டு, அதன் பின்னரே எல்லாம் சேர்ந்து நீட்டப்படுகிறது. பக்கப்பட்டையைத் திறந்தால், அந்தப் பெருக்கல் எண்களைக் காட்டும் ஸ்கேல் மதிப்புகள் 1 என்றில்லாமல் 4 என்றோ 0.1 என்றோ இருப்பதைக் காணலாம். கன்ட்ரோலையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் மூன்று மதிப்புகளும் 1 ஆகும், விளிம்பும் சீராகும். இதற்கான விளக்கம் கையேட்டில், பொருள்களைத் திருத்தும் பகுதியில், அப்ளை என்னும் தலைப்பின் கீழ் இருக்கிறது. விளிம்பு கோணலாகிவிட்டதே என்று திகைத்து நிற்பவர் அந்தத் தலைப்பைத் திறந்து பார்ப்பதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது?

இத்தகைய இடங்கள் இன்னும் பல. பிளெண்டரில் ஒரு குறுக்குவிசை என்ன செய்யும் என்பது, சுட்டி அந்த நேரத்தில் எந்தப் பகுதியின் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உருவத்தின் புள்ளிகளையும் விளிம்புகளையும் திருத்தும் நிலையான எடிட் மோடில் இருந்துகொண்டே புதிய உருவத்தைச் சேர்த்தால் அது தனிப்பொருளாகாமல் பழையதன் பகுதியாகிவிடும். நிறம், பளபளப்பு போன்ற மேற்பரப்புத் தன்மைகளைக் கொண்ட மெட்டீரியல் எந்தப் பொருளிலும் பயன்படாமல் இருந்தால், அதற்குரிய கேடயக் குறியை அழுத்தி வைக்காவிட்டால், கோப்பைச் சேமித்து மூடி மறுபடி திறக்கும்போது இருக்காது. கிம்ப்பில் 2012இல் வந்த 2.8 பதிப்பு முதல் சேமிக்கும் கட்டளை கிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப்புக்கு மட்டுமே உரியது; ஜேபெக் வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு, தெரிந்தவருக்கு இவை வசதிகளும்கூட. தெரியாதவருக்கோ மென்பொருள் பழுதடைந்துவிட்டது போலத் தோன்றும்.

இதற்கெல்லாம் காணொளிகள் இருக்கின்றனவே என்பது வழக்கமாக வரும் பதில். ஒரு வேலையின் போக்கைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக் காணொளிக்கு நிகரில்லை என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை எதுவும் தவறாத ஒரு பாதையை மட்டுமே காட்டுகின்றன. பார்ப்பவரின் திரையில் வேறொன்று நிகழ்ந்துவிட்டால் காணொளியிடம் கேட்க வழியில்லை. பதிப்பு மாறும்போது அவை சத்தமில்லாமல் பழசாகியும் விடுகின்றன. 2019 ஜூலையில் வெளியான பிளெண்டர் 2.80இல், பொருளைத் தேர்ந்தெடுக்கும் இயல்புநிலை வலச் சொடுக்கிலிருந்து இடச் சொடுக்குக்கு மாறியது. அதுவரை தேடலைத் திறந்துவந்த ஸ்பேஸ்பார் அசைவூட்டத்தை ஓட்டும் விசையாயிற்று. தேடல் எஃப்3க்குச் சென்றது. பழைய காணொளியைப் பின்பற்றும் புதியவர் முதல் நிமிடத்திலேயே தடுமாறுவார்.

இந்த மூன்றில், தொடக்கநிலையாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பகுதியை இங்க்ஸ்கேப்பில்தான் கண்டேன். அதன் உதவி மெனுவில் இருக்கும் பயிற்சிகள் எஸ்விஜி என்னும் வெக்டர் படக் கோப்புகளாகவே மென்பொருளுக்குள் திறக்கின்றன. விளக்கம் இருக்கும் அதே பக்கத்தில் பயிற்சிக்கான வடிவங்களும் இருக்கும். படித்த இடத்திலேயே அவற்றை இழுக்கலாம், சுழற்றலாம், நிறம் மாற்றலாம், கெடுத்தும் பார்க்கலாம். எல்லாக் கருவிகளையும் அவை தொடுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் படிப்பதற்கும் செய்வதற்கும் நடுவே வேறொரு சாளரம் குறுக்கிடாத அந்த ஏற்பாட்டை மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தத் தேவை புதிதாகக் கண்டறியப்பட்டதுமன்று. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் கேரலும் அவருடன் பணியாற்றியவர்களும், சொற்செயலிகளைக் கற்கும் புதியவர்களைக் கூர்ந்து கவனித்தார்கள். கையேட்டை முதலிலிருந்து பொறுமையாகப் படிப்பவர்கள் அரிது, பெரும்பாலோர் உடனே வேலையில் இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டு, சுருக்கமானதும், உண்மையான வேலைகளை மையமாகக் கொண்டதும், பிழையிலிருந்து மீளும் வழியைச் சொல்வதுமான கையேடுகளை அவர்கள் உருவாக்கினார்கள். என் அனுபவத்தில் இன்றைய கையேடுகளில் பெரிதும் குறைவுபடுவது அந்தக் கடைசிக் கூறுதான். விளிம்பு சமமாக இல்லை, தூரிகை வரையவில்லை, விசை வேலை செய்யவில்லை என்று கண்ணில் படும் அறிகுறிகளையே தலைப்பாக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று காரணங்களையும், அவற்றைச் சோதிக்கும் முறையையும், முழு விளக்கம் உள்ள பக்கத்துக்கான இணைப்பையும் தரும் பகுதி ஒன்று இருந்தால், இப்போதுள்ள கையேட்டில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அதை எழுதுவது யார் என்பதுதான் சிக்கல். நீண்டகாலம் பயன்படுத்துபவர்கள் பெவல் போடும் முன்பு ஸ்கேலைச் சரிபார்ப்பதை அனிச்சையாகவே செய்கிறார்கள். அப்படி ஒரு தடை இருந்ததே அவர்களுக்கு மறந்துவிடுகிறது. கற்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆனவரிடம் அறிகுறிகள் பசுமையாக இருக்கும், காரணம் தெரியாது. பிளெண்டரின் கையேட்டுக்கு யாரும் திருத்தங்களை முன்மொழியலாம் என்பதால், இவ்விரு தரப்பினரும் சேர்ந்து எழுதத் தடையேதும் இல்லை. புதியவர் தம்மைத் திகைக்கவைத்ததை அப்படியே எழுதித் தரட்டும். அனுபவசாலி அதன் கீழ் காரணத்தை நிரப்பட்டும்.