தமிழ் சப்ஜெக்ட் வரிக்கு ‘பி’யா, ‘கியூ’வா?

போன வருடம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். சப்ஜெக்ட்: ‘தீபாவளித் தள்ளுபடி’. என் போனில் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ‘தள்ளு’, அப்புறம் கேள்விக்குறி போட்ட இரண்டு கறுப்பு வைரம், அப்புறம் ‘டி’. ‘ப’வைக் காணோம். நடுவில் இருப்பதை விட்டுவிட்டுப் படித்தால் விபரீதம்தான்.

சப்ஜெக்ட் இருக்கும் மெயிலின் தலைப்பகுதி, ஆஸ்கி எனும் பழைய ஆங்கில எழுத்துத் தொகுப்புக்காக உருவானது. மற்ற மொழிகளை அதற்குள் நுழைக்க, 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதி ஆவணம் இரண்டு வழி சொல்கிறது. ‘பி’ என்பது பேஸ்64, அதாவது மூன்று பைட்டை நான்கு ஆஸ்கி எழுத்தாக எழுதுவது. ‘கியூ’ என்பது ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியோடு மூன்று எழுத்தாக எழுதுவது. எதை எடுத்தாலும், முன்னும் பின்னும் வரும் உறை எழுத்துகளையும் சேர்த்து ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது.

தமிழுக்கு எது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்-8 குறியீட்டில் நம் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தீ’ என்பது த-வும் ஈகாரக் குறியுமாக இரண்டு குறி. கியூவில் ஒரு குறிக்கு 9 எழுத்து செலவாகும், பேஸ்64-இல் 4 போதும். உறைக்கு 12 போனால் மிச்சம் 63. கியூவில் 7 குறியோடு துண்டு நிரம்பிவிடும். ‘தீபாவளி’ மட்டும் கச்சிதமாக உட்காரும், ‘த்’துக்குக்கூட இடமில்லை. பேஸ்64-இல் 15 குறி வரை போகலாம். கியூ ஜெர்மன், பிரெஞ்சு மாதிரி மொழிகளுக்கு நல்லது. அங்கே வரிக்கு ஓரிரு எழுத்துதான் மாறும், மற்றது அப்படியே படிக்கும்படி இருக்கும். பெரும்பாலும் ஆஸ்கியாக இருந்தால் கியூ, இல்லையென்றால் பி என்று ஆர்எஃப்சியே சொல்கிறது.

அப்படியானால் நான் பேஸ்64 போட்டும் ஏன் உடைந்தது? வெட்டிய விதம் தப்பு. முழு வரியையும் பேஸ்64 ஆக்கிவிட்டு, 60 எழுத்துக்கு ஒரு வெட்டு என்று ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அறுபது என்றால் 45 பைட், மூன்றால் வகுபடும். ஒற்றைச் சொல்லாகச் சோதித்தபோது பிரச்சினையே இல்லை. ஆனால் இரண்டு சொல்லுக்கு நடுவே வரும் இடைவெளி ஒரே பைட். அது கணக்கை நகர்த்தி, கத்தி ‘ப’வின் வயிற்றில் இறங்கிவிட்டது. ஓர் எழுத்தை இரண்டு துண்டுக்குப் பங்கு போடக் கூடாது என்பது விதி. சில செயலிகள் துண்டுகளை ஒட்டிய பிறகு படிக்கும், அதில் இந்தத் தப்பு தெரியாது. என் போன் அந்த ரகம்.

மூன்றாவதாக, சப்ஜெக்டை யுடிஎஃப்-8-ஆக அப்படியே அனுப்பும் வழி 2012-இல் வந்தது. பார்க்க அழகு. ஆனால் எதிர்ச் சர்வர் அதை ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மெயில் திரும்பி வந்துவிடும். ஆயிரம் பேருக்கு அனுப்பும் விளம்பரத்தில் அந்த ஆபத்து எதற்கு?

இப்போது வெட்டும் வேலையைப் பைத்தான் நிரல்மொழியின் இமெயில் ஹெடர் தொகுதியிடம் விட்டுவிட்டேன். பி, கியூ இரண்டில் குட்டையானதைத் தானே எடுத்துக்கொள்ளும், எழுத்தின் நடுவிலும் வெட்டாது. அனுப்பும் முன் ஜிமெயிலில் மெயிலின் மூல வடிவத்தைக் காட்டும் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து ஒரு பார்வை பார்ப்பேன். முதல் இடைவெளி வரை ‘4கே6’, ‘4கே+’ என்றே ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே இருப்பது தமிழ்தான்.