1100 ஜிபிஎச் பில்ஜ் பம்ப்: பெட்டிக் கணக்கும் கேன் கணக்கும்

காசிமேட்டில் படகுச் சாமான் வாங்குபவர்களுக்குப் பழக்கமான 12 வோல்ட் பம்ப்தான் இது; படகின் அடிக்குழியான பில்ஜில் தேங்கும் நீரை வெளியே தள்ள, தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் வகை. 25, 30 அடி பாய்மரப் படகுக்கு 500 ஜிபிஎச் பம்பை விட எவ்வளவோ மேல். ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பித் துறைமுகத்தைத் தாண்டாதீர்கள்.

1100 ஜிபிஎச் என்றால் மணிக்கு 1100 அமெரிக்க கேலன், அதாவது நிமிடத்துக்கு 69 லிட்டர். ஹோஸ் மாட்டாமல், உயரம் ஏற்றாமல், முழு வோல்ட்டேஜில் ஓடினால் வரும் அளவு அது. ஒரு மீட்டர் ஏற்றி வெளியே தள்ளும்போது மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே பெரிது. நம் வீட்டு 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துச் சொன்னால், ஒரு கேன் வெளியேற ஏறக்குறைய 25 விநாடி. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளையில் ஹோஸ் கழன்றுவிட்டால் நிமிடத்துக்கு 140 லிட்டர் உள்ளே வரும். ஒன்பது விநாடிக்கு ஒரு கேன்!

அதனால் பம்ப் வாங்கும் அன்றே கூம்பு வடிவ மரத்தக்கைகளும் வாங்கிவிடுங்கள். படகின் உடலில் உள்ள துளைகளை மூடும் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் தக்கை ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும். தண்ணீர் ஏறினால் முதலில் வால்வை மூடுங்கள். கைப்பிடி இறுகிக் கிடந்தால் தக்கையை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். தச்சரிடம் கடைந்து வாங்குவதானால் மென்மரம் கேளுங்கள், தேக்கு நசுங்கிப் பிடிக்காது. பக்கவாட்டில் விரிசல் என்றால், பாயை மறுபக்கம் மாற்றிப் படகைச் சாய்த்து, விரிசலை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவரப் பாருங்கள்.

இனிப் பொருத்துவது. வளையம் வளையமான மலிவு ஹோஸ் வேண்டாம், உள்பக்கம் வழவழப்பான 28 மில்லிமீட்டர் ஹோஸ் போடுங்கள். மூன்று மீட்டர் ஹோஸில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் நிற்கும். பம்ப் நின்றதும் அது திரும்பி விழுந்து, குறுகிய பில்ஜில் மிதவை சுவிட்சை மறுபடி தூக்கும். பம்ப் விடிய விடிய நின்று நின்று ஓடிப் பேட்டரியைக் காலி செய்யும். இதற்காகச் செக் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு, போடுகிறார்கள். அதில் குப்பை மாட்டினால் மொத்தமும் அடைத்துக்கொள்ளும். ஹோஸைச் சுருக்குவதே நல்லது.

வடிகட்டிக்கு எமன் நைலான் வலை நூல். விசிறியில் சுற்றினால் மோட்டார் நின்று கரண்ட் எகிறும். பம்பின் உடலில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கே ஃப்யூஸ் போடுங்கள். பெரிதாகப் போட்டால் ஒயர்தான் உருகும். பேட்டரி மூழ்கினால் இதுவும் செத்தது, ஆகவே கைப்பம்பு ஒன்று தனியாக இருக்கட்டும்.

பொருத்தியதும் பில்ஜில் ஒரு கேன் நல்ல தண்ணீர் ஊற்றி விநாடி எண்ணுங்கள். 35-ஐத் தாண்டினால் ஒயர் மெலிசு, அல்லது ஹோஸ் மடங்கியிருக்கிறது.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. குறைத்தது முக்கியமாக ஒயருக்காக: கூடவே வரும் துண்டு நீளம் பற்றாமல் இணைப்பு பில்ஜுக்குள்ளேயே விழுகிறது, உப்புநீரில் செம்பு பச்சை பூத்துவிடுகிறது.