யானைக்கு எந்தப் 'பெரிய'?

அக்கா மகளுக்கு நாலாம் வகுப்பில் வீட்டுப்பாடம்: யானையைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி, வரிக் கடைசிகள் ஒத்து வரணும். "சித்தி, பிக்னு எல்லாரும் எழுதுவாங்க. வேற சொல்லு" என்று நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

நம் பழக்கத்தில் இரண்டாம் எழுத்தில் எதுகை பார்த்தால் அங்கே வேலைக்கு ஆகாது. ஆங்கில ரைம் நம் இயைபுக்குத்தான் சொந்தம். வரியின் வாலைப் பார்க்கும். அதிலும் எழுத்தை அல்ல, ஓசையை.

அவள் ஒதுக்கிய 'பிக்'குக்குத்தான் ஜோடிகள் அதிகம். பன்றி, அத்திப்பழம், டோப்பா மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே வால். (பன்றியும் பிக், பெரிசும் பிக், தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது.)

'லார்ஜ்' அதே பொருள்தானே என்றால், பாதிதான் சரி. சட்டைக் கடையில் லார்ஜ் கேட்கிறோம், பிக் கேட்பதில்லை. 'பிக் பிரதர்' அண்ணன். 'லார்ஜ் பிரதர்' என்றால் உடம்பு பெருத்த சகோதரன். தப்பு பெரிசானால் 'பிக் மிஸ்டேக்'தான், அங்கே லார்ஜ் ஒட்டாது. அளவு, எண்ணிக்கை என்று வந்தால் லார்ஜ் முந்திக்கொள்ளும். ஜோடிகள் குறைவு, ஆனால் ஒன்று அருமையானது: சார்ஜ். யானை முட்ட ஓடி வருவதற்கும் அதே சொல்தான்.

'கிரேட்' உருவத்தை விட்டுப் பெருமைக்குப் போய்விட்டது. யானை கிரேட் என்றால் யானை சூப்பர் என்றுதான் கேட்கும். எழுத்தைப் பார்த்து 'மீட்', 'சீட்' பக்கம் போய்விடக் கூடாது. கேட், லேட், வெயிட் இவைதான் ஒலிக்கும். 'ஹியூஜ்' வாயை நிறைக்கும், ஆனால் கைக்கு எட்டும் ஜோடி 'ஸ்டூஜ்'. அதற்கு எடுபிடி என்று பொருள் சொன்னதும் யானைக்கு வேண்டாம் என்றாள்.

பொருளில் எனக்குப் பிடித்தவை லத்தீனிலிருந்து வந்த இரண்டு. 'எனார்மஸ்' சொல்லுக்குள் தச்சரின் மூலைமட்டம் இருக்கிறது: லத்தீனில் நோர்மா என்றால் அதுதான். மட்டத்துக்கு அடங்காதது எனார்மஸ். முதலில் முறைகேட்டையும் குறித்தது. அதனால்தான் 'எனார்மிட்டி' என்ற சொல்லுக்கு இன்றும் கொடுமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு ரைம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 'இம்மென்ஸ்' என்றால் அளக்கப்படாதது. ஜோடிகளோ தாராளம்: சென்ஸ், டென்ஸ், ஃபென்ஸ். யானை என்றால் வேலி வராமல் இருக்குமா? என் ஓட்டு இதற்கே.

'ஜைகான்டிக்' கிரேக்க அரக்கர்களிடமிருந்து வந்தது, அட்லான்டிக்கோடு சேரும். கப்பல் பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். 'கொலோசல்' ரோட்ஸ் தீவின் சிலையால் வந்த பெருமை. சுமார் 33 மீட்டர் உயரம், கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்தது. கிரேக்கத்தில் கொலோசோஸ் வெறும் சிலைதான். அந்த ஒரு சிலைக்குப் பிறகே பிரம்மாண்டம் என்றானது. 'ஃபாசில்' இதற்குச் சரியாக விழும். டைனோசர் பாட்டு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தோம்.

கடைசியாக 'ஜம்போ'. இது ஒரு யானையின் பெயரே. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஜம்போவை 1882-இல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் வாங்கிப் போனார். 1885-இல் கனடாவில் ரயில் மோதிச் செத்துப்போனது. அதன் புகழில்தான் ஜெட் முதல் சிப்ஸ் பாக்கெட் வரை ஜம்போ ஆயின. யானைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது, ஆனால் ரைம்? யோசித்து யோசித்து 'கம்போ'தான் வந்தது: அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துப் பக்கம் வெண்டைக்காய் போட்டு வைக்கும் ஒரு குழம்பு. சிரித்துவிட்டு, இம்மென்ஸ்–ஃபென்ஸ் போதும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நாலு வரியும் முடிந்திருந்தது. முதல் இரண்டில் யானை வேலியை உடைத்து உள்ளே வந்திருந்தது. பின் இரண்டில் அதன் பெயர் ஜம்போ. உட்கார்ந்து வெண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.