குன்னூர் பக்கம் ‘ஃபிலிம் டிகிரி’ சேரப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோத்தகிரியில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு. கேமரா விஷயத்தில் என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்று இருந்தவன். தூவினார்கள். அதுவும் கேமராவைக் காட்டியே.

அக்கா மகள் 2024-ல் பிளஸ் டூ முடித்தாள். சின்னதிலிருந்தே என் கூட லைட் ஸ்டாண்ட் பிடித்து வளர்ந்த பிள்ளை. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இல்லாவிட்டால் படிப்பே வேண்டாம் என்று நின்றாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட அக்காவுக்கு மனசில்லை. மச்சான் போன பிறகு அக்காவுக்கு இருப்பது இவளும் ஒரு ஏக்கர் தேயிலையும்தான். அந்த நேரத்தில்தான் குன்னூர் தாண்டி ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் ‘ஸ்க்ரீன் அண்ட் டிஜிட்டல் மீடியா புரொடக்‌ஷன், மூன்று வருடப் பட்டப்படிப்பு’ என்று நோட்டீஸ் வந்தது. காலையில் பஸ் ஏறினால் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை, வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார்.

நோட்டீஸின் முதல் வரி: ‘இந்தியாவுக்கு ஃபிலிம் தந்த மண்ணில் சினிமா படியுங்கள்.’ எங்கள் அப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1967-ல் உற்பத்தி தொடங்கிய கம்பெனி. எங்கள் வீட்டில் அதற்கு ‘ஃபிலிம் ஃபேக்டரி’ என்றுதான் பேர். இருட்டறையில் கையால் தடவித் தடவி வேலை செய்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஃபேக்டரி போனது போனதுதான், ஆனால் அந்த வரியைப் படித்ததும் மனசு இளகிவிட்டது. விற்கத் தெரிந்தவன் எழுதிய வரி.

பணம் கட்டுவதற்கு முன் நானே நேரில் போனேன். ஹாலில் சோனி எஃப்எக்ஸ்3 கேமரா இரண்டு, ஜிம்பல், பெரிய எல்இடி லைட்டுகள், நாய்க்குட்டி மாதிரி புசுபுசுவென்று உறை போட்ட பூம் மைக். லென்ஸைக் கழற்றி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு சுத்தம். கேமரா பெட்டியின் ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர், அதில் 17 என்று எண். கோயம்புத்தூரில் வாடகைக்குக் கேமரா எடுக்கும்போது இந்த மாதிரி ஸ்டிக்கரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட்மிஷன் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் பரப்பி வைத்திருக்கிறார்கள் என்று புத்திக்கு எட்டவில்லை.

காகிதமும் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. அவர்கள் சொன்னது வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் தேடினேன், இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பல்கலைக்கழகம் நிஜம்தான். அதற்கும் இந்தப் பங்களாவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் மையம் திறந்து பாடம் நடத்தக் கூடாது. தொலைநிலைப் படிப்பையும் கேஸ் ஏஜென்சி கொடுப்பது மாதிரி ஃப்ரான்சைஸ் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் பணம் கட்டிய பிறகு படித்த பாடம்.

சரியான கேள்வி கேட்டது பேங்க் மேனேஜர் ஒருவர்தான். கல்விக் கடனுக்குப் போனபோது, “அஃபிலியேஷன் ஆர்டர் காப்பி கொண்டு வாங்க” என்றார், அதாவது பல்கலைக்கழகம் கொடுத்த இணைப்பு உத்தரவு. அங்கே போய்க் கேட்டால், “லோன்லாம் இழுக்கும் சார். ஜூலைக்குள்ள மொத்தமா கட்டிட்டா பத்து பர்சென்ட் குறைச்சுக்கிறோம்” என்றார்கள். குறைத்தது போக முதல் வருஷத்துக்கு 1,35,000 ரூபாய். அக்காவின் வளையலும் தோடும் கூட்டுறவு பேங்க்குக்குப் போயின. பச்சைத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையின் கனம் தெரியும். ரசீது ஒரு டிரஸ்ட் பெயரில் இருந்தது. அதில் ‘திறன் பயிற்சிக் கட்டணம்’ என்று போட்டிருந்தது, கல்விக் கட்டணம் என்று இல்லை. படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன். என்னை என்ன சொல்ல.

வகுப்பு தொடங்கிய முதல் வாரமே எஃப்எக்ஸ்3 இரண்டையும் காணோம். சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். இருபத்தாறு பிள்ளைகளுக்கு மிச்சம் இரண்டு கேனான் 1500டி, பெட்டியோடு வந்த லென்ஸ். ஆகஸ்ட் மழையில் ஒரு நாள், “மாமா, எது எடுத்தாலும் பனிமூட்டத்துல எடுத்த மாதிரியே இருக்கு” என்று ஒரு லென்ஸைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்தாள். போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுக் கண்ணாடி வரைக்கும் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. இந்த மலையில் கேமரா வாங்குகிறவன் முதலில் படிக்கும் பாடமே இதுதான். ஈரத்தில் போட்டு வைத்தால் பூஞ்சை கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிடும், அப்புறம் துடைத்தாலும் தழும்பு போகாது. என் கடையில் முன்பெல்லாம் லென்ஸ் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு எரியும். இப்போது காற்றுப் போகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், முள் 45-ல் நிற்கும். சினிமா சொல்லிக்கொடுக்கிற இடத்தில் லென்ஸ், ஒழுகும் ஜன்னலோரம் ஒரு மர பீரோவில் கிடந்திருக்கிறது.

டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், சவுண்ட் எல்லாவற்றுக்கும் ஒரே சார். ஒரு தடவை டியூப்லைட் வெளிச்சத்தில் பேட்டி எடுத்திருக்கிறாள், படம் முழுக்கக் கோடு கோடாக ஓடுகிறது. “கேமரா கம்ப்ளெய்ன்ட்” என்று எழுந்து போய்விட்டாராம் சார். எனக்குப் போன் போட்டாள். ஷட்டர் 1/80-ல் இருந்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1/50 அல்லது 1/100 வை என்றேன். கோடு போயிற்று. கல்யாண வீட்டில் என்னிடம் வேலை பழகும் பையனுக்கு இரண்டாம் வாரம் தெரிகிற விஷயம். சென்னையிலிருந்து வருவதாகச் சொன்ன கெஸ்ட் ஆசிரியர்கள் வரவே இல்லை. இ-பாஸ் கிடைக்கவில்லையாம்! மே 2024-ல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து லட்சக்கணக்கான டூரிஸ்ட் அதைப் போனிலேயே எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள், இவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. எடிட்டிங் லேப் என்பது நாலு ஜிபி ரேமில் எட்டு கம்ப்யூட்டர், திருட்டு பிரீமியர் புரோ. 4கே கிளிப்பை உள்ளே இழுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

குட்டு உடைந்தது அக்டோபரில். எல்லோரையும் ‘டிஇபி ஐடி’ எடுத்து வரச் சொன்னார்கள். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஏபிசி ஐடி (கிரெடிட் மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு) எந்தக் கல்லூரியிலும் கேட்பார்கள், அது வேறு. டிஇபி என்பது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு. தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேருகிறவர்களுக்குத்தான் அந்த ஐடி. தினமும் பஸ் ஏறி வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அது எதற்கு? அவளேதான் உட்கார்ந்து தோண்டினாள். கொடுத்த படிவத்தில் படிப்பின் பெயர்: பி.ஏ. பொது நிர்வாகம். டிஇபி தளத்தில் அந்த வருஷம் அனுமதி பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே அதில் இல்லை.

போய்க் கேட்டோம். “சினிமால யாரு சார் டிகிரி கேக்குறா?” என்றார் நிர்வாகி. வாஸ்தவம், என்னிடமே டிகிரி கிடையாது. ஆனால் நாளைக்கு இவள் புனே திரைப்படக் கல்லூரியில் (எஃப்டிஐஐ) ஒளிப்பதிவு படிக்க நினைத்தால் முதலில் கேட்பது ஏதாவது ஒரு பட்டம். அரசு வேலைக்கு எழுதினாலும் அதுதான்.

டிசியையும் மார்க் ஷீட்டையும் கேட்டால், மீதி இரண்டு வருஷ ஃபீஸைக் கட்டச் சொன்னார்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை பிரிண்ட் எடுத்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே, “அது காலேஜுக்கு சார், நாங்க டிரஸ்ட்டுதானே” என்றார். அத்தனை மாதத்தில் அவர்கள் பேசிய ஒரே உண்மை.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்கிய மறுநாள், சான்றிதழ்கள் இருந்த கவர் வீடு தேடி வந்தது. பணம் அப்படி வரவில்லை. 40,000 கொடுத்தார்கள், 50,000-க்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறதாம், ஆனால் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் வருவார்கள் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறதாம். நான் மடித்து வைத்த ரசீதில் இருக்கும் ‘திறன் பயிற்சி’ என்ற சொல்லைப் பிடித்துத்தான் வக்கீல் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளை ஒரு வருஷம் கழித்து, 2025-ல், கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் சேர்ந்தாள். ஹாஸ்டல்தான். இந்தத் தடவை ஆபீஸில் அவளே நின்று, கல்லூரிக்கு இணைப்பு இருப்பது சரி, இந்தக் கோர்ஸுக்கு இருக்கிறதா என்று ஆர்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் என்னைப் பணம் கட்ட விட்டாள். தரமணி எம்ஜிஆர் அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, எடிட்டிங் என்று தனித்தனியாக நாலு வருஷப் பட்டமே இருக்கிறது. அதை முதல் வருஷமே விசாரிக்காதது என் தப்பு.

போன வாரம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அதே பங்களாவின் படம் போட்ட நோட்டீஸ் பார்த்தேன். டிரஸ்ட் பெயர் மாறியிருக்கிறது, ‘ஏஐ ஃபிலிம் மேக்கிங்’ என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். படத்தில் இருக்கிற கேமரா பெட்டியில் ஸ்டிக்கர் தெரிகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன்.

2024 பேட்ச் பிள்ளைகள், பெற்றோர் யாராவது இதைப் பார்த்தால் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். இதுவரை நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். மனு போடுவதற்குள் இன்னும் சிலர் வந்தால் நல்லது என்கிறார் வக்கீல்.